பல வருஷம் நின்ற பழைய கார் கிளம்ப மறுப்பது ஏன்?

மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய ஹவுசிங் சொசைட்டிகளின் பின்புறம் சென்று பார்த்தால், தார்ப்பாய் போர்த்திய பியட் கார் ஒன்று இன்றும் எங்காவது நின்றுகொண்டிருக்கும். டயரில் காற்று இருக்காது. பானெட்டின் மேல் புறா எச்சம் காய்ந்திருக்கும். சொந்தக்காரர் காலமாகியிருப்பார், அல்லது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊரோடு போயிருப்பார். பிள்ளைகளுக்கு அதை விற்கவும் மனமில்லை, ஓட்டவும் வழி தெரியவில்லை.

என்றைக்கோ ஒரு நாள் வீட்டில் யாராவது சாவியைத் தேடி எடுத்துத் திருகிப் பார்க்கிறார்கள். வண்டி கிளம்புவதில்லை. பழைய இரும்பு வியாபாரி வந்து எட்டிப் பார்த்து, "என்ஜின் போய்விட்டது, இரும்பு விலைதான் தேறும்" என்கிறார். அந்த வார்த்தையை நம்பி, ஒரு குடும்பம் பல வருஷ மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டி எடைக்குப் போய்விடுகிறது.

உண்மையில் நெடுங்காலம் நின்ற வண்டி கிளம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் என்ஜின் அல்ல. அழுக்கேறிய பாயிண்ட், பூப் பூத்த பாட்டரி முனை, பிசின் கட்டிய கார்புரேட்டர் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். இவற்றைச் சரி செய்ய ஆகும் செலவு குறைவு. ஆனால் இவற்றைக் கண்டுபிடிக்காமல் ஆத்திரத்தோடு சாவியைத் திருகிக்கொண்டே இருந்தால், கெடாத என்ஜினும் கெட்டுவிடும். அப்போது இரும்பு வியாபாரி சொன்னது மெய்யாகிவிடும்.

குர்லாவில் பிறந்த வண்டி

பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தை 1944-இல் தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த். அதன் தொழிற்சாலை மும்பை குர்லாவில் இருந்தது. இத்தாலி நாட்டு பியட் 1100 கார் அங்கே உருவாகி, 1970களில் பிரீமியர் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. நான்கு சிலிண்டர், 1089 சி.சி. பெட்ரோல் என்ஜின், ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலேயே கியர் என்று சிக்கனமான அமைப்பு அதற்கு. கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்சியாக அது மும்பைத் தெருக்களில் நாற்பது, ஐம்பது வருஷம் உழைத்தது. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது. டாக்சிகளுக்கு 20 வருஷம்தான் ஆயுள் என்ற விதிப்படி, 2023 அக்டோபர் இறுதியோடு அந்தச் சேவை முற்றுப்பெற்றது.

டாக்சிகள் ஓய்ந்தபோது, அவற்றின் நாடி பார்க்கத் தெரிந்த பல மெக்கானிக்குகளும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இன்றைய வண்டிகளில் கோளாறு எதுவென்று கம்ப்யூட்டர் சொல்கிறது. பத்மினி, அம்பாஸடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவற்றில் அப்படி ஒன்றும் கிடையாது. காதும் மூக்கும் கண்ணும்தான் கருவி. ஆகவே வண்டி வைத்திருப்பவரே விஷயத்தை ஓரளவு தெரிந்துகொள்வது அவசியமாகிவிட்டது. இங்கே சொல்லப்படும் முறை பத்மினிக்கு மட்டுமன்றி, பாயிண்ட்டும் கார்புரேட்டரும் உள்ள எல்லாப் பழைய பெட்ரோல் வண்டிகளுக்கும் பொருந்தும்.

சாவியைத் தொடும் முன்

வண்டி நின்றிருந்தாலும் அதற்குள் பல காரியங்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் மெல்ல வழிந்து கீழே இறங்கிவிடுகிறது. மும்பையின் உப்புக் காற்றும் நான்கு மாத மழைக்காலத்து ஈரமும் திறந்திருக்கும் வால்வு வழியாக உள்ளே போகின்றன. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு சேர்ந்து துருப்பிடிக்கிறது. இந்த நிலையில் புது பாட்டரியை வைத்துச் சுற்றினால் ரிங் உடையும், சிலிண்டர் சுவரில் கோடு விழும். பிறகு போரிங் வேலைதான்.

எனவே முதல் நாள் வேலை, வண்டியைக் கிளப்புவதல்ல. என்ஜின் கையால் சுற்றுகிறதா என்று பார்ப்பது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக வைக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, ஒன்றிரண்டு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். ஆயில் ரிங்கின் இடுக்குகளில் இறங்க அவகாசம் தேவை.

பிறகு கியர் நியூட்ரலில் இருக்க, முன்பக்கப் புல்லியின் நட்டில் பெரிய ஸ்பானர் போட்டு மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். கைப்பிடி போடும் வசதி உள்ள வண்டிகளில் அதைக் கொண்டே சுற்றலாம். பிளக்குகள் கழன்றிருப்பதால் நல்ல என்ஜின் சுலபமாகச் சுற்றும். அசைய மறுத்தால் பலாத்காரம் கூடாது. டீசலும் ஆயிலும் கலந்து விட்டு, இன்னும் சில நாள் காத்திருந்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்க வேண்டும். கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்துக் கிளப்பலாம் என்று யோசனை சொல்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். இறுகிய என்ஜினை இழுத்தால் உடைவது என்ஜின்தான்.

என்ஜின் சுற்றும்போதே டேப்பட் மூடியைக் கழற்றி வைத்துக்கொள்வது நல்லது. எட்டு வால்வுகளும் வரிசையாக இறங்கி ஏறுகின்றனவா என்று கண்ணால் பார்க்கலாம். ஏதாவது ஒன்று இறங்கிய இடத்திலேயே நின்றால், அந்த வால்வு துருவில் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் செல்ப் அடித்தால் தள்ளுகம்பி வளைந்துவிடும்.

இதே சமயத்தில் ஆயில் அளவுகோலை எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாசனை வந்தால் பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்து, பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எப்படியிருந்தாலும் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயிலும் புது பில்டரும் போட்ட பின்புதான் மேற்கொண்டு நகர வேண்டும். ஏர் கிளீனரைத் திறந்து பார்க்கவும் மறக்கக் கூடாது. எலிக்கு அதைவிட வசதியான குடியிருப்பு கிடையாது. சைலன்ஸர் குழாயின் வாயில் குளவிக் கூடு அடைத்திருப்பதும் உண்டு. எலி இருந்த வண்டியில் ஒயர்களையும் முழுக்கப் பார்வையிட வேண்டும். கடித்த ஒயரில் கரண்ட் விட்டால் வண்டியே எரிந்து போகலாம்.

மூன்றே கேள்விகள்

இனி நோயைக் கண்டுபிடிக்கும் கட்டம். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பழைய வண்டியிடம் கேட்பது மூன்றே கேள்விகள். செல்ப் என்ஜினைச் சுற்றுகிறதா? பிளக்கில் நெருப்பு வருகிறதா? கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்த பிறகும் வண்டி கிளம்பாவிட்டால்தான் என்ஜினின் உட்புறத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. செல்ப் மந்தமாகச் சுற்றினால் அதுவே பாட்டரியின் சக்தியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பிளக்குக்குப் போகும் நெருப்பும் மங்கிவிடும். அப்போது காயிலைக் குறை சொல்லிப் புதிது வாங்கினால் பணம்தான் வீண். ஒரு சமயத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, பலனைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கு சாமான்களை ஒரே நாளில் மாற்றினால் வண்டி கிளம்பலாம். ஆனால் எதனால் கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது.

செல்ப் சுற்றவில்லையா?

பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த பாட்டரியின் தகடுகளில் வெள்ளைப் படிவம் இறுகிவிடும். அதற்குப் பின் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அது பழைய பலம் பெறாது. நன்றாக உள்ள 12 வோல்ட் பாட்டரியைச் சார்ஜ் செய்து சில மணி நேரம் ஆறவிட்டு மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்ட் காட்டினால் ஏறக்குறையக் காலி என்றே பொருள். செல்ப் சுற்றும்போது 9.5 வோல்ட்டுக்கும் கீழே போனால் பாட்டரியை நம்ப முடியாது. சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதன் அருகில் பீடி, சிகரெட் கூடாது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஹெட்லைட்டே மீட்டர். விளக்கைப் போட்டுவிட்டுச் செல்ப் அடித்துப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்தே போனால் பாட்டரி காலி, அல்லது பாட்டரி முனையில் பிடிப்பு இல்லை. விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்து, செல்ப்பும் சத்தம் இல்லாமல் இருந்தால், கரண்ட் செல்ப் மோட்டாருக்கே போகவில்லை. ஸ்விட்ச், சாலினாய்டு, அவற்றின் ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விளக்கு மிகவும் மங்கி, மோட்டார் முனகினால், மோட்டார் பெரும் பாரத்தை இழுக்கிறது. பல்சக்கரம் சிக்கியிருக்கலாம், அல்லது என்ஜின் இறுகியிருக்கலாம்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உதாரணமாக, ஒரு வண்டியில் செல்ப் "உம்... உம்..." என்று சோம்பலாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டரி பழையது என்று சொல்லிப் புதிது வாங்கிப் போடுகிறார்கள். அப்போதும் அதே சோம்பல்தான். அடுத்து செல்ப் மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்தும் மாற்றமில்லை. கடைசியில் பார்த்தால், என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் அடியில் துரு. எந்தக் கரண்ட்டும் பாட்டரிக்கே திரும்பி வர வேண்டும். வரும் வழியில் துரு உட்கார்ந்தால் புது பாட்டரி என்ன செய்யும்? அந்தப் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவது பத்து நிமிஷ வேலை. ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் பாதியைப் பாட்டரி கடையில் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கரண்ட் எடுப்பவர்கள் முனைகளை மாற்றிப் போட்டுவிடாமல் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் வடிவமைத்த சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த்தாக இருக்கும். பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டினால் ஒயரே எரியும்.

நெருப்பு வருகிறதா?

செல்ப் நன்றாகச் சுற்றியும் வண்டி கிளம்பவில்லை என்றால் இரண்டாவது கேள்வி. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரிலேயே மாட்டி, பிளக்கின் இரும்புப் பகுதி என்ஜினில் நன்றாகத் தொடும்படி வைத்து, ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்ல வேண்டும். நீல நிறத்தில் "டக் டக்" என்று சத்தத்தோடு நெருப்பு பாய்ந்தால் நலம். மஞ்சளாக, நூல் போல மெலிந்து வந்தால் பலம் போதாது. இந்தச் சோதனையின்போது பக்கத்தில் பெட்ரோல் பாட்டிலோ நனைந்த துணியோ இருக்கக் கூடாது. பிளக் ஒயரில் பாய்வது பல ஆயிரம் வோல்ட் என்பதால் கையால் பிடிக்காமல், ரப்பர் பிடி உள்ள குறட்டால் பிடிப்பது நல்லது.

நெருப்பே இல்லாவிட்டால் நூற்றுக்குப் பெரும்பகுதி குற்றம் பாயிண்ட்டில்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சிறு பொட்டுகளாக இருக்கும் இந்தப் பாயிண்ட் மூடும்போது காயிலுக்குள் கரண்ட் பாய்கிறது. திறக்கும் கணத்தில் அந்தக் கரண்ட் அறுபட்டு, உயர் அழுத்த மின்சாரம் பிறக்கிறது. பல வருஷம் சும்மா இருந்த பாயிண்ட்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மூடிவிடுகிறது. பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும்; கரண்ட் மட்டும் கடக்காது.

இதைச் சோதிக்க ஒரு 12 வோல்ட் சிறு பல்பும் இரண்டு ஒயரும் போதும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் ஒரு ஒயரையும், எர்த்தில் மற்றொன்றையும் வைத்து, சாவியைப் போட்டு என்ஜினைச் சுற்ற வேண்டும். பல்பு விட்டு விட்டு எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட்டுக்குள் கரண்ட் கடக்கவில்லை. சுத்தம் செய்ய வேண்டும். எரியவே இல்லை என்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட், கண்டென்ஸர் இரண்டில் ஒன்று எர்த்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு ரூபாய்ச் செலவில்லாமல் மூன்று விதக் கோளாறுகளைப் பிரித்துக் காட்டிவிடுகிறது இந்தச் சின்ன பல்பு.

பாயிண்ட்டை மிக மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, பிறகு கெட்டியான சுத்தமான காகிதத்தை நடுவில் வைத்து இழுத்துத் துடைக்க வேண்டும். முழுமையாகத் திறந்த நிலையில் அதன் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சரியான அளவை வண்டியின் கைப்புத்தகம் சொல்லும். பாயிண்ட் கறுத்துக் கறுத்துப் போனால் கண்டென்ஸரை மாற்ற வேண்டும். மூடியின் உட்புறத்தில் மயிரிழை போல விரிசல் இருந்தாலும், ஈரம் படிந்திருந்தாலும் நெருப்பு வழி தவறிப் போய்விடும். மழைக்காலத்தில் துணியால் துடைத்து, சற்று வெயிலில் வைத்து மாட்டினாலே சில வண்டிகள் கிளம்பிவிடும். ஒரு எச்சரிக்கை: என்ஜின் ஓடாத நிலையில் சாவியைப் போட்டபடியே வெகுநேரம் விட்டுவிட்டால் காயில் சூடேறிக் கெடும்.

பெட்ரோல் வருகிறதா?

பெட்ரோலும் பால் போலத்தான், நாளானால் கெடும். சில மாதங்களிலேயே அதன் இலேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாக மாறத் தொடங்கும். டேங்க் மூடியைத் திறந்தால் புளித்த வார்னிஷ் வாசனை வரும். அதைக் கொண்டு வண்டியைக் கிளப்ப முயல்வது வீண் வேலை.

இன்றைய பெட்ரோலில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதில் எத்தனால் கலக்கப்படுகிறது. நாடு முழுவதும் பத்து சதவிகிதக் கலப்பு என்ற இலக்கு 2022-இல் எட்டப்பட்டது. 2025-இல் அது இருபது சதவிகிதத்தைத் தொட்டது. எத்தனாலுக்குக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். பழைய வண்டியின் ரப்பர்க் குழாயும் பம்ப் டயாபிரமும் எத்தனாலை உத்தேசித்துச் செய்யப்பட்டவையல்ல. அவை உப்பிப் பிளந்துபோகக் கூடும். டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து ஓர் இரவு வைத்துப் பார்த்தால் விஷயம் தெரியும். அடியில் தனி அடுக்காகத் திரவம் தேங்கினால் தண்ணீர். செம்மண் போலப் படிந்தால் டேங்க் துரு.

டேங்கைச் சுத்தம் செய்து, எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களும் புது பில்டரும் போட்ட பிறகு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டுச் செல்ப் அடிக்க வேண்டும். பீச்சி பீச்சிப் பெட்ரோல் வந்தால் பம்ப் நலம். வராவிட்டால் டயாபிரமோ, உள்ளே இருக்கும் சிறு வால்வுகளோ காய்ந்துவிட்டன. பெட்ரோல் வந்தும் என்ஜின் கிளம்பாவிட்டால் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். மிதவை ஒட்டிக்கொண்டிருக்கும், ஜெட் துவாரம் பிசினால் அடைத்திருக்கும். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. துவாரம் பெரிதாகி, பிறகு எந்நாளும் பெட்ரோல் அதிகம் குடிக்கும். தகுந்த திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, பாட்டிலிலிருந்து கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே செல்ப் அடிக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. இது பெரும் ஆபத்து. டைமிங் சற்றுத் தவறியிருந்தால் என்ஜின் எதிர்த்துத் தீ கக்கும். ஊற்றுபவரின் கையிலுள்ள பாட்டிலே பற்றிக்கொள்ளும். வண்டி போனால் இன்னொன்று வாங்கலாம்; முகமும் கையும் வெந்து போனால் பிழைப்பே போய்விடும். பட்டறைகளில் வேலை பழகும் நம் பையன்களைத்தான் இந்த வேலைக்கு முன்னால் நிறுத்துகிறார்கள் என்பதை மறக்கலாகாது. பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றும், ஒரு வாளி மணலும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

நெருப்பும் உண்டு, பெட்ரோலும் உண்டு, ஆனால்...

மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் வந்தும் வண்டி கிளம்பாவிட்டால் முதலில் பிளக் ஒயர்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். கழற்றி மாட்டியதில் இடம் மாறியிருக்கலாம். பத்மினியிலும் அம்பாஸடரிலும் நெருப்பு பாயும் வரிசை 1, 3, 4, 2. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி மாட்டியிருந்தால் டைமிங்கும் தவறியிருக்கும்.

அதுவும் சரியென்றால் கம்ப்ரெஷன் அளவு எடுக்க வேண்டும். கேஜ் வைத்து நான்கு சிலிண்டர்களையும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் மிகக் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது ஒட்டியிருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. இந்தச் சோதனைக்குப் பிறகு "என்ஜின் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால் அதை நம்பலாம். இதற்கு முன் சொல்பவரை நம்பத் தேவையில்லை.

கிளம்பிய பிறகு

வண்டி கிளம்பிவிட்டால் எல்லோரும் கை தட்டுவார்கள். சந்தோஷத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது. ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாசனையில்லாமல் ஆளைக் கொல்லும்.

கிளம்பிய வண்டி என்பது வேறு, ஓட்டத் தகுந்த வண்டி என்பது வேறு. நின்ற இடத்திலேயே பிரேக் மிதி தரை வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும் பொருள்தான். வீல் சிலிண்டர்கள் உள்ளுக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். கிளட்ச் தகடு ஒட்டிக்கொண்டு கியர் விழ மறுக்கலாம். டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்க எண்ணைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். வயதான டயர் ஓட்டத்தில் வெடிக்கும்.

சாமான்களும் சட்டமும்

பழைய வண்டிச் சாமான்களுக்கு மும்பையில் குர்லா சி.எஸ்.டி. ரோடு உண்டு. டில்லியில் காஷ்மீரி கேட், பெங்களூரில் ஜே.சி. ரோடு, கல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை. பாயிண்ட், கண்டென்ஸர், டயாபிரம் ஆகியவற்றை வாங்கப் போகும்போது கழற்றிய பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. பெயரைச் சொல்லிக் கேட்டால் எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மோசம் போக முடியாது. இந்த வண்டிகளின் மின்சாரப் பகுதிகளைச் செய்த லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை 1961-இல் சென்னை பாடியில் தொடங்கியதுதான். ஊருக்குப் போகும்போது விசாரித்து வாங்கி வருபவர்களும் உண்டு.

செலவு செய்யும் முன் காகிதங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். தனியார் காருக்கு 15 வருஷத்துக்குப் பின் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். ஐம்பது வருஷம் நிறைந்து, அசல் உருவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. அப்படிப் பதிவான வண்டியை அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. சொந்தக்காரர் காலமாகியிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றுவதே முதல் வேலை. பேர் மாறாத வண்டியில் ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு சகோதரர்களுக்குள் சண்டை வந்த வீடுகள் குறைவல்ல.

வைத்துக்கொள்வதா, விற்பதா என்ற முடிவு ஒவ்வொரு குடும்பத்தின் சௌகரியத்தைப் பொறுத்தது. எதுவானாலும் நோயைத் தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவு வேறு. தெரியாமல் எடுக்கும் முடிவு வேறு. கம்ப்ரெஷன் அளவு நான்கையும் ஒரு தாளில் எழுதி, என்ஜின் ஓடும் நிலையில் விற்றால் கிடைக்கும் விலைக்கும் இரும்பு எடைக்குக் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறிய தொகையல்ல.

பட்டறைகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. பாயிண்ட் வைக்கவும் கார்புரேட்டர் பிரிக்கவும் தெரிந்த கைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. பழைய வண்டியைப் போற்றி வைத்திருப்பவர்கள் அப்படிப்பட்ட கையைத் தேடி அலைகிறார்கள். நரைத்த மெக்கானிக் ஒருவர் இன்னும் பட்டறைக்கு வருகிறார் என்றால், அவர் வீட்டோடு உட்காருவதற்குள் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிடுவது நல்லது.